‘ஆளில்லா மேடை’யா, ‘ஆள்தங்கா மேடை’யா?

வணக்கம் நண்பர்களே,

கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடைகளில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். அவற்றில், ஆள் தங்காமல் இயங்கும் மேடையைக் குறிக்கும் ‘அன்மேன்ட் பிளாட்ஃபார்ம்’ என்பதற்கு ‘ஆளில்லா மேடை’ என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுவோம். ஆளில்லா விமானத்தில் உண்மையிலேயே ஆள் ஏறுவதில்லை. இந்தக் கடல்மேடைகளுக்கு ஆள் போய்த்தான் ஆகவேண்டும், தங்குவதில்லை, அவ்வளவுதான். வடகடலில் நார்வேயின் ஓசபெர்க் எண்ணெய் வயலில் 2018இல் உற்பத்தி தொடங்கிய ‘எச்’ மேடையில் தங்கும் அறையும் இல்லை, ஹெலிகாப்டர் தளமும் இல்லை. பராமரிப்புக் குழு கப்பலில் வந்துதான் ஏறவேண்டும். ‘ஆளில்லா’ என்று எழுதினால் அந்தக் குழுவே கணக்கில் வராமல் போகிறது. என் முன்மொழிவு: ஆள்தங்கா மேடை.

அடுத்தது ‘பெர்சனெல் டிரான்ஸ்ஃபர்’, அதாவது படகிலிருந்தோ கப்பலிலிருந்தோ ஆள் மேடைக்கு மாறுவது. ‘பணியாளர் இடமாற்றம்’ என்றால் அலுவலக உத்தரவுதான் நினைவுக்கு வரும். ‘ஆள்மாற்றம்’ ஆள்மாறாட்டத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டிலும் கடல் இல்லை, ஆபத்தும் இல்லை. நடப்பது என்ன? படகு தன் முனையை மேடையின் ஏணியோடு அழுத்தி நிற்கும். அலை படகை உச்சிக்குத் தூக்கும்போது ஏணியைப் பிடித்து மளமளவென்று ஏறிவிட வேண்டும். படகு தாழ்ந்திருக்கும்போது பிடித்தால், அடுத்த அலையில் அது எழுந்து வந்து காலை நசுக்கிவிடும். ஆள்தங்கா மேடையில் மேலிருந்து கைகொடுக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். இந்தச் சில நொடிகளுக்குத்தான் பெயர் வேண்டும். ‘ஆள்கடப்பு’ என்று வைத்தால் ஏணிக் கடப்பு, (பாரந்தூக்கியில் தொங்கும் கூடையில் ஆளை ஏற்றும்) கூடைக் கடப்பு, பாலக் கடப்பு என்று கிளைச்சொற்களும் தானாக வந்துவிடும்.

இப்போது பாலம், அதாவது கப்பலிலிருந்து மேடைக்கு ஆள் நடந்து போக நீட்டும் பாலம். ‘மிதவைப் பாலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆற்றில் மிதவைகளை வரிசையாகக் கட்டிப் போடும் பாலத்துக்கு ஏற்கெனவே உள்ள பெயர். நாம் பேசும் பாலம் மிதப்பதே இல்லை, கப்பலின் மேல்தளத்தில் இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவமைப்பில், ஆறு நீரழுத்த உருளைகள் பாலத்தின் அடித்தளத்தைத் தாங்கும். கப்பல் ஆடும் ஆட்டத்தை உணரிகள் அளக்க, உருளைகள் அதற்கு எதிராக நீண்டு சுருங்கும். கீழே கப்பல் ஆடினாலும் மேலே அடித்தளம் அசையாமல் நிற்கும், தொழிலாளர் நடந்தே போகலாம். ஏணி வழிக்கு அலை சுமார் 1.5 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். இந்தப் பாலம் 2.5 மீட்டரிலும் தாக்குப்பிடிக்கும். அலைக்கு ஈடுகொடுப்பது என்று நாம் பேசுவது இதைத்தானே? அதனால் ‘அலையீட்டுப் பாலம்’. ‘அசைவீட்டுப் பாலம்’ இன்னும் துல்லியம்தான், ஆனால் வாயில் எளிதாக வரவில்லை.

சரி, சொற்களை ஓர் அறிவிப்புப் பலகையில் வைத்துப் பார்த்தேன்: “அலை வரம்பைத் தாண்டினால் ஆள்கடப்பு கூடாது. அலையீட்டுப் பாலத்தில் பச்சை விளக்கு எரிந்த பிறகே கால் வைக்கவும்.” படித்ததும் புரிகிறதா? கப்பல் வேலையில் இருப்பவர்கள் முதலில் சொல்லுங்கள். ‘கடப்பு’ இடறினால் வேறு சொல் பார்ப்போம், ‘ஆள்தங்கா’வை மட்டும் விட்டுவிட வேண்டாம்.