காஸ்பி ஓடைக்கரைல ரெண்டு ராத்திரி

*செல்வி:* எல்லாரும் பாருங்க, அக்டோபர் ரெண்டாவது வாரம் வெள்ளி சனி ரெண்டு ராத்திரி காஸ்பி கேம்ப்கிரவுண்ட்ல இன்னும் இடம் காட்டுது. ஸ்மோக்கி மலை நேஷனல் பார்க்ல டென்னசி மாநிலப் பக்கம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு சொல்லுங்க, இலை நிறம் மாறுற சீசன்ங்கறதால சீக்கிரம் போயிரும்

*கார்த்தி:* அக்கா பக்கத்து ஊரு கேட்லின்பர்க்ல கேபின் எடுத்தா என்ன, கிச்சன் ஹீட்டர் எல்லாம் இருக்கும், அம்மாவுக்கும் சவுகரியம்

*செல்வி:* கேபின் எடுத்தா இங்க வீட்ல இருக்கற மாதிரிதான்டா இருக்கும், டிவி போட்டு உக்காந்துருவோம். அப்பா வந்து மூணு மாசம் ஆச்சு, பார்த்ததெல்லாம் பார்க்கிங் லாட்டும் கடையும்தான். நேத்து சாயங்காலம் பின்னால மழைத்தண்ணி போற வாய்க்கால் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தாங்க. கூப்பிட்டா "சத்தம் கேக்குதும்மா"ங்கறாங்க. எனக்கு மனசே கேக்கல

*கார்த்தி:* சரிக்கா, கேம்ப்பே போவோம். ஆனா அதே பார்க்ல எல்க்மான்ட் கேம்ப் பக்கம் இல்லையா, அதுதான எல்லாரும் சொல்றாங்க

*அத்தான்:* மாப்ள எல்லாரும் சொல்றதாலதான் அங்க கூட்டம். காஸ்பி பெருசு, டென்ட் அடிக்கற சைட் 150க்கு மேல இருக்கு, ஆனாலும் நெரிசல் கம்மி. 2,450 அடி உயரம், ஓடை ஓரமாவே சைட் உண்டு. ராத்திரிக்கு 30 டாலர். ஒரு சைட்ல 6 பேர்தான் அதனால ரெண்டு சைட் எடுக்கணும், நாங்க மாமா அத்தையோட சேர்த்து 6, நீங்க 3

*அம்மா:* ஏட்டி செல்வி டாய்லெட் இருக்கா

*செல்வி:* இருக்கும்மா, ஃப்ளஷ் டாய்லெட். குளிக்க ஷவர் கிடையாது, கரண்டும் கிடையாது. ராத்திரி எந்திரிச்சா நான் டார்ச் அடிச்சு கூட்டிட்டு போறேன். ஓடைக்கும் பக்கமா டாய்லெட்டுக்கும் பக்கமா இருக்கற சைட்டா மேப்ல பாத்துட்டு இருக்கேன்

*அப்பா:* ஷவர் எதுக்கு, ஓடையில குளிச்சுக்கிடுதேன்

*பிரியா:* மாமா அக்டோபர்ல ராத்திரி 40 ஃபாரன்ஹீட் பக்கம் போகும், நம்ம கணக்குல 5 டிகிரிக்கும் கீழ. தண்ணி உறைஞ்ச மாதிரி இருக்கும், பாறையும் வழுக்கும். கால நனைச்சுக்கோங்க போதும்

*செல்வி:* சோப்பு ஷாம்பு எதுவும் ஓடையில படக்கூடாதுப்பா. பாத்திரம் கூட அதுல கழுவக்கூடாது. இன்னொன்னு பிள்ளைங்க கல்லை அடுக்கி அணை கட்டுவாங்கல்ல அதுவும் கூடாது. கல்லுக்கு அடியிலதான் சாலமாண்டர்னு பல்லி மாதிரி ஒரு ஜீவன் இருக்கும், அந்த மலையில மட்டும் 30 வகை. கல்லை நகத்துனா அதோட முட்டை போயிரும்

*அப்பா:* நல்ல சட்டம்மா. பாபநாசத்துல பரிகாரம்னு கட்டுன துணிய ஆத்துலயே விட்டுட்டு போறாங்க, வண்டி வண்டியா அள்ளியும் தீரல. சின்ன வயசுல அங்க தலையணை தடுப்பணையில குளிக்கும்போது கூழாங்கல்லு எண்ணலாம் அவ்வளவு தெளிவு. எனக்கு அப்படி ஒரு தண்ணிய இன்னொரு தரம் பாத்தா போதும்

*கார்த்தி:* அப்பா கண்டிப்பா போறோம் ❤️ நான் விறகு கொண்டு வாரேன், பின்னால விழுந்த மரம் வெட்டி வச்சுருக்கேன்

*அத்தான்:* அத கொண்டு வராத மாப்ள. வீட்டு விறகு உள்ள விடமாட்டாங்க, சூடு பண்ணி முத்திரை போட்ட விறகு மட்டும்தான். விறகுக்குள்ள ஒளிஞ்சுட்டு போற வண்டுதான் ஆஷ் மரத்தையெல்லாம் கொல்லுது. அங்க ஹெம்லாக் மரமும் வேற ஒரு பூச்சியால ஏற்கனவே பட்டு நிக்குது, போன தடவை பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. போற வழியில முத்திரை போட்டதா வாங்கிக்கலாம்

*அம்மா:* சாப்பாட்டுக்கு புளியோதரை, இட்லி மிளகாப்பொடி, கொஞ்சம் நெத்திலி கருவாடு எடுத்துக்கிடவா

*செல்வி:* அம்மா கருவாடு மட்டும் வேண்டாம்மா, ப்ளீஸ். அந்த பார்க்ல கிட்டத்தட்ட 1,900 கரடி இருக்காம், வாசனை பிடிச்சு வந்துரும். கருவாடு இல்லாட்டியும் சாப்பிட்டு முடிச்ச நிமிஷமே கூலர், அரிசி, எண்ணெய், பிள்ளைங்க பிஸ்கட், டூத்பேஸ்ட் வரைக்கும் எல்லாத்தையும் கார் டிக்கில போட்டு பூட்டணும். டென்ட்டுக்குள்ள ஒரு மிட்டாய் கூட இருக்கக்கூடாது. நாம மிச்சம் வச்சத தின்னு பழகுன கரடி திரும்ப திரும்ப மனுஷங்ககிட்ட வரும், கடைசில அத கொல்ல வேண்டியதாயிரும், அந்த பாவம் நமக்கு வேண்டாம்

*அம்மா:* ஐயோ வேண்டாம். புளியோதரை போதும்

*பிரியா:* மதினி ஸ்பீக்கர் எடுத்துக்கலாமா, பிள்ளைங்க கேக்குறாங்க

*செல்வி:* வேண்டாம் பிரியா. போன வருஷம் வேற ஒரு கேம்ப்ல பக்கத்து சைட்காரங்க நடுராத்திரி வரைக்கும் பாட்டு போட்டு நான் அழுதே விட்டேன், ஞாபகம் இருக்கா. இங்க 10 மணிக்கு மேல காலைல 6 வரைக்கும் சத்தம் கூடாது, ஆனா நாம பகல்லயும் போட வேண்டாமே. அப்பா தண்ணி சத்தம் கேக்கணும்னுதான போறோம்

*பிரியா:* சரி மதினி நான் பேசிக்கிறேன் அவங்ககிட்ட 👍

*கார்த்தி:* சனிக்கிழமை நான், அத்தான், பெரிய பிள்ளைங்க ஹென் வாலோ அருவி போறோம். போக 2.2 மைல் வர 2.2, அருவி 90 அடி. அம்மாவுக்கு முட்டி தாங்காது, கேம்ப் பக்கத்துலயே ஒரு மைலுக்குள்ள ஒரு சின்ன பாதை இருக்கு, மரப்பாலம் மேல ஓடைய தாண்டித் தாண்டி போகும், அப்பாவும் அம்மாவும் மெதுவா நடக்கலாம்

*அத்தான்:* பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது ஆனா 2023லருந்து பார்க்கிங் டேக் வேணும், வாரத்துக்கு 15 டாலர், ஒவ்வொரு காருக்கும் தனித்தனியா. அப்புறம் ஐ-40 ஹைவேல போகணும்ங்கறதால சீக்கிரம் கிளம்பணும். 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல்ல பிஜியன் ஆறு ரோட்டையே அடிச்சுட்டு போச்சுல்ல, 2025 மார்ச்ல திறந்தப்ப பக்கத்துக்கு ஒரே லேன் 35 மைல் வேகம்தான், அங்க தேங்கிரும். இருட்டுறதுக்குள்ள டென்ட் அடிக்கணும்

*செல்வி:* ரெண்டு சைட்டும் புக் பண்ணிட்டேன்!! பக்கத்து பக்கத்துல கிடைச்சிருச்சு. அப்பா, அங்க போன் சிக்னல் கிடைக்காது, ஞாயித்துக்கிழமை கீழ இறங்குனாதான் பேச முடியும்

*அப்பா:* சரிம்மா. போறதுக்கு முந்தி ஊர்ல அம்பைக்கு ஒரு போன் போட்டு சொல்லிருதேன், மூணு நாளைக்கு என்னைத் தேடாதீங்கன்னு