ஆல்ஃபிரட் வாட்கின்ஸின் களநடை: குறிப்புகள் தேடி ஒரு வேண்டுகோள்

குழுவினருக்கு வணக்கம். தொல்லியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் காலால் நடந்தே ஆய்ந்த வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதில் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரத்து ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் (1855–1935) பற்றிய பகுதியில் தடுமாறி நிற்கிறேன்.

குடும்பத் தொழிலுக்காக மாவட்டமெங்கும் சுற்றியவர். ஒளிப்படக் கலையில் தேர்ந்தவர். 1921 ஜூன் 30 அன்று பிளாக்வார்டைன் பகுதியில், மண்மேடுகள், நெடுங்கற்கள், பழைய தேவாலயங்கள் முதலியவை நேர்கோட்டில் அமைந்திருப்பதாகக் கண்டு, அக்கோடுகள் தொல்பழங்கால வழித்தடங்கள் என்று கருதி, பின்னர் அவற்றுக்கு ‘லே’ எனப் பெயரிட்டார். வரைபடத்தில் அளவுகோலால் கோடிட்டபின் களத்தில் நடந்து சரிபார்க்க வேண்டும் என்பது அவர் முறை. தொன்மைச் சின்னங்கள் அவ்வளவு நெருங்கிக் கிடக்கும் நிலத்தில் எந்தக் கோட்டை இழுத்தாலும் சில அதில் விழத்தான் செய்யும் என்று தொல்லியலாளர்கள் மறுத்தனர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. (பூமியின் ஆற்றல் கோடுகள் என்பது பிற்காலத்தார் சேர்த்த கதை; அது எனக்கு வேண்டாம்.)

அவரைப் பின்பற்றி நடந்து, தம் குறிப்புகளைத் தபாலில் சுற்றுக்கு விட்ட ஸ்ட்ரெய்ட் டிராக் கிளப் உறுப்பினர்களின் பதிவுகளை யாரேனும் நேரில் பார்த்திருந்தால், நடந்த தூரம், நாள், வானிலை ஆகியவை அவற்றில் எந்த அளவுக்கு எழுதப்பட்டுள்ளன என்று தெரிவிக்க வேண்டுகிறேன். ‘லே’ என்பதற்கு ‘நேர்த்தடம்’ என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.