குளிரில் ஒரு பேட்டரி மட்டும் இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. இரண்டு 12 வோல்ட் சீல்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் சோலார் ஓடுகிறது. பூண்டுக் கட்டுகள் தொங்கும் கொட்டகையில் பலகை மேல் வைத்திருக்கிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து சிக்கல். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விடிகாலையில் மீட்டர் வைத்தால் ஒன்று 12.7, மற்றது 12.2. அது பாதி சார்ஜ்தான். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்து நட்டையும் இறுக்கிவிட்டேன். மாற்றமில்லை.

எனக்குச் சந்தேகம் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மேல். சார்ஜ் வோல்ட்டேஜை அதில் 28.8 வோல்ட் என்று வைத்திருக்கிறேன், அது 25 டிகிரிக் கணக்கு. குளிரில் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் செல்லுக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் கூட்டணும் என்றால், பேட்டரி 5 டிகிரியில் இருக்கும்போது இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 12 செல்லுக்கு ஏறக்குறைய 1 வோல்ட் குறைகிறது. வெப்ப சென்சாரும் இதில் இல்லை. கையால் கூட்டி வைத்தால் பங்குனி வெயிலில் மறக்காமல் குறைக்கணும். வால்வு வழியாக ஆவி போய்விட்டால் சீல்டு பேட்டரியில் தண்ணீர் ஊற்ற முடியாதே.

இறங்கியதை மட்டும் கழற்றித் தனியாகச் சார்ஜ் போட்டால் தேறுமா, இல்லை இரண்டையும் சேர்த்தே மாற்றணுமா? அப்புறம், தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தவர்கள் காற்றுக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?

காட்டெருமை வந்து போகும் இடம். வாசல் விளக்கு விடியும்வரை எரிய வேண்டும்.