டெங்கிக் குழும வரைபடம்: 150 மீட்டர் பஃபர் போட்டால் திரை முழுக்க ஒரே நிறம்

கேள்வி:
சிங்கப்பூர் அரசாங்கத் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் டெங்கிக் குழுமங்களின் ஜியோஜேசன் வரைபடக் கோப்பை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, குழுமங்களைச் சுற்றி 150 பஃபர் (சுற்றெல்லை) போட்டால் தீவே மறைகிறது. லேயருக்கு ஈபிஎஸ்ஜி 3414 என்ற, மீட்டரில் அளக்கும் சிங்கப்பூர் ஆயமுறையைக் கொடுத்தால் குழுமங்கள் எங்கோ கடலுக்குப் போகின்றன. வட்டாரவாரி நோய் விகிதம் கணக்கிட்டு மழையோடு ஒப்பிட வேண்டும். எந்த வார மழையை எடுப்பது?

பதில் 1:
கோப்பு 4326 என்ற ஆயமுறையில், அதாவது பாகையில் இருக்கிறது. நீங்கள் கேட்டது 150 பாகை! ஆயமுறையைக் குறிக்கும் 'செட் சிஆர்எஸ்' கட்டளை எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். 103.8 பாகை 103.8 மீட்டராகிவிடும், சிங்கப்பூர் அரை மீட்டருக்குள் சுருங்கி இந்தோனீசியப் பக்கம் கிடக்கும். முதலில் 4326-க்கே திருப்புங்கள். பிறகு 'ரீபுரொஜெக்ட் லேயர்' வழியாக 3414-க்கு மாற்றிப் புதிய கோப்பாகச் சேமியுங்கள்.

ஆனால் பஃபரே எதற்கு? 14 நாள்களுக்குள், 150 மீட்டருக்குள் இரண்டு பேருக்காவது நோய் கண்டால்தான் அது குழுமம். அந்தத் தூரம் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது.

பதில் 2:
விகிதம் கணக்கிடாதீர்கள். குழுமத்துக்கு வெளியே தனியாக வரும் நோயாளிகள் இந்தக் கோப்பில் இல்லை. ஒரே குழுமம் இரண்டு வட்டாரங்களில் கால் வைத்தும் நிற்கும். மேற்கில் உள்ள தொழிற்பேட்டையான துவாஸ் போல ஆள்குடி குறைந்த இடத்தில் இரண்டு பேர் விழுந்தாலே விகிதம் எகிறும். முழுத் தரவு கிடைத்தால் ஜியோடா என்ற மென்பொருளில் எம்பிரிக்கல் பேயஸ் (சிறிய இடங்களின் விகிதத்தைச் சராசரியை நோக்கி இழுக்கும் முறை) போட்டுச் சீராக்கலாம். இல்லையேல், குழுமம் உண்டா இல்லையா என்பதோடு நிறுத்துங்கள்.

மழைக்கு: முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல், கொசுவுக்குள் கிருமி வளர 8 முதல் 12 நாள், மனித உடலில் 4 முதல் 10 நாள். அதனால் மழைக்கும் நோய்க்கும் இடையே மூன்று வாரத்துக்குக் குறைவான இடைவெளிக்குப் பொருளே இல்லை. 3 முதல் 10 வாரம்வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். அடைமழை புழுக்களை அடித்துக்கொண்டும் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூச்சாடித் தட்டும் துணி காயப்போடும் கழியின் குழாயும் இருக்க, மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெப்பநிலையையும் சேருங்கள்.

பதில் 3:
கோப்பு புதுப்பிக்கப்படும்போது பழைய நிலவரம் போய்விடும். தினமும் இறக்கி, தேதியோடு பெயரிட்டு வையுங்கள்.

புளோக் விவரத்தை அஞ்சல் குறியீட்டால் இணைப்பதானால் அதை எண்ணாக அல்ல, எழுத்தாக வையுங்கள். எக்செல் முன்னால் இருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும், நகர மையத்து முகவரிகள் இணையாது.