ஹேஷ் என்பதற்கு ‘அரைவை’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஹேக்கர் பாணிச் சட்டைகளுக்கான விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது என்கோடிங் (தரவை வேறு வடிவில் எழுதுதல்), என்கிரிப்ஷன் (திறவுகோல் கொண்டு மறைத்தல்), ஹேஷிங் (எந்த உள்ளீட்டையும் மீட்க முடியாத, நிலையான நீளமுள்ள வரிசையாக மாற்றுதல்) ஆகிய மூன்றையுமே ‘குறியாக்கம்’ என்று எழுதிவிடலாமா என நண்பர் கேட்டிருந்தார். கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் அனுப்பிய சட்டைப் பட்டியலை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் சட்டையில் சுழியமும் ஒன்றும் எட்டெட்டு இலக்கங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. தொடக்கத்தில் உள்ள 01001000 என்பது எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி அட்டவணையின் 72ஆம் இடம், அதாவது பெரிய ‘எச்’ எழுத்து. அட்டவணை எல்லோருக்கும் கிடைப்பதால் இதில் மறைவு ஏதுமில்லை; ‘ரகசியச் செய்தி’ என்று குறிப்பில் எழுதுவது பிழை. ஒருங்குறியைப் பற்றிப் பேசும்போது நாம் ஆளும் ‘குறியாக்கம்’ இதற்கே உரியது.

இரண்டாவது, 1995இல் வெளிவந்த புகழ்பெற்ற சட்டை. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977இல் வகுத்த ஆர்எஸ்ஏ என்னும் மறையாக்க முறையை ஆடம் பேக் என்பவர் பெர்ல் நிரல்மொழியில் ஒருசில வரிகளுக்குள் அடக்கி எழுதிய நிரல் அதில் அச்சாகியிருந்தது. வலுவான மறையாக்க (என்கிரிப்ஷன்) மென்பொருளை அன்றைய அமெரிக்க ஏற்றுமதி விதிகள் படைக்கலப் பட்டியலில் வைத்திருந்தமையால், இந்தச் சட்டையும் படைக்கலமே, இதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்னும் எச்சரிக்கையும் சேர்த்து அச்சிடப்பட்டது. கணினி படிப்பதற்காக நிரல் பட்டைக்குறியாகவும் இருந்தது. பட்டைக்குறி குறியாக்கம், அதை எவரும் படித்துவிடலாம். அந்த நிரல் செய்வதோ மறையாக்கம். திறவுகோல் உடையவரே மீட்டுப் படிக்கலாம். ஒரே துணியில் இரண்டும் இருக்கையில் ஒரே சொல்லால் எப்படி விளக்குவது?

மூன்றாவதான ஹேஷ்தான் இடர் தருவது. 0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் உள்ள 32 அல்லது 64 இலக்கங்கள் மட்டுமே கொண்ட சட்டைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 2010இல் அமெரிக்க இணையவெளிப் படைப்பிரிவின் சின்னத்தில் உள்வளையத்தைச் சுற்றி இப்படி 32 எழுத்துகளும் இலக்கங்களும் இருப்பதைக் கண்டவர்கள், அதை மறைமொழி என்று எண்ணி அவிழ்க்க முற்பட்டார்கள். அதில் அவிழ்க்க ஒன்றுமில்லை. அப்பிரிவின் பணி விளக்க உரையை எம்டி5 என்னும் ஹேஷ் முறை வழியாகச் செலுத்திப் பார்த்தபோது அதே 32 இலக்கங்கள் வந்தன. விடை கிடைத்தது அப்படித்தான்.

முன்னோக்கிச் செய்து ஒப்பிடலாம்; பின்னோக்கி மீட்க முடியாது. இந்தத் தன்மைக்கு ‘அரைவை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். மாவைத் திரும்பத் தானியமாக்க இயலாது என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வினை ‘அரைத்தல்’, ஹேஷ் ஃபங்ஷன் ‘அரைவைச் சார்பு’, இரு வேறு உள்ளீடுகள் ஒரே விளைவைத் தருவது ‘அரைவை மோதல்’. அரைக்குமுன் கடவுச்சொல்லோடு சேர்க்கும் தற்செயல் மதிப்பான சால்ட் என்பதற்கு ‘உப்பு’ இயல்பாகவே வந்து அமைகிறது. யூனிக்ஸ் இயக்குதளத்தின் கடவுச்சொற்களைக் காக்க ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் விவரித்த முறையில் உப்பு 12 பிட்டுகள், அதாவது 4096 வகை. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் உப்பு வேறானால் அரைவை வேறாகும். ‘உப்பிட்டு அரைத்த கடவுச்சொல்’ என்று எழுதினால் தமிழாகவே ஒலிக்கிறது.

ஹேஷுக்குச் ‘சுருக்கம்’ என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. சுருக்கிய கோப்பை விரிக்கலாம், அரைத்ததை விரிக்க முடியாது. ‘ரேகை’ அழகான சொல்தான், ஆனால் அதிலிருந்து வினை பிறக்கவில்லை. ‘அரை’ என்றால் பாதி என்றும் பொருள்படுமே என்று ஓர் அன்பர் கேட்டார். ‘அரைவை’ என்ற வடிவம் அந்தக் குழப்பத்தைத் தவிர்த்துவிடுகிறது. இந்த உவமையிலும் ஒரு குறை உண்டு: உள்ளீட்டில் ஓர் எழுத்து மாறினாலும் விளைவு அடியோடு மாறுவதையும், எவ்வளவு இட்டாலும் ஒரே நீளம் வருவதையும் அது காட்டாது. அவற்றை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கடவுச்சொற்கள் ‘பாதுகாப்பாகக் குறியாக்கம்’ செய்யப்படுவதாகத் தமிழில் அறிவித்திருந்த ஒரு சேவையில், மறந்துபோன என் கடவுச்சொல்லை மீட்கக் கேட்டேன். புதிதாக ஒன்றை அமைக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பழையதையே எழுத்து மாறாமல் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அரைத்து வைத்திருந்தால் அவர்களால் அதை அனுப்பியிருக்கவே முடியாது. அந்த அறிவிப்பில் இருந்த ‘குறியாக்கம்’ என்ற சொல்லை வைத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிய எனக்கு வழி இருக்கவில்லை.

ஆகவே மூன்றாம் சட்டையின் குறிப்பை இப்படித் திருத்தலாம் என நினைக்கிறேன்: “இதில் அச்சிட்டிருப்பது ஒரு சொற்றொடரின் அரைவை. அந்தச் சொற்றொடரை ஊகித்து, நீங்களே அரைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.” ‘அரைவை’ என்பதற்கு மறுப்புள்ளவர்கள், வினைவடிவமும் உடைய மாற்றுச் சொல்லோடு எழுத வேண்டுகிறேன்.