ரெண்டு ஃபிலிம் கேமரா, ஒரே அமுக்கு: உங்க அனுபவம் சொல்லுங்க

பொள்ளாச்சிக்காரன்:
ஆழம் தெரியற 3டி (ஸ்டீரியோ) படத்துக்கு இடக்கண்ணுக்கு ஒண்ணு, வலக்கண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு படம் வேணும். ஒத்தைக் கேமராவுல ஒரு படம் எடுத்துட்டு, வலப்பக்கம் ஆறேழு செ.மீ. நகர்த்தி இன்னொண்ணு எடுக்கறது கோயில் தூணுக்கும் பாறைக்கும் சரிங்க. எங்க ஊர்ல அது வேலைக்காகாது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து புகுந்துச்சுன்னா தென்னை ஓலை ஒரு நொடி நிக்காது. அதனால பென்டாக்ஸ் கே1000 ரெண்டு, ரெண்டுலயும் 50 மி.மீ. லென்ஸ். கோயமுத்தூர் லேத் பட்டறையில அலுமினியப் பட்டை போட்டு வாங்கிப் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கேன். லென்ஸுக்கு லென்ஸ் 14.5 செ.மீ. வருது, நம்ம கண் இடைவெளியைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. லென்ஸ் இடைவெளி, முன்னால நிக்கற பொருளோட தூரத்துல முப்பதுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுங்கற கணக்குப்படி, அந்தப் பொருள் 4.35 மீட்டராவது தள்ளி இருக்கணும்.

அமுக்கறதுக்கு இரட்டைக் கேபிள் ரிலீஸ், அதாவது ஒரே அமுக்குல ரெண்டு ஷட்டரையும் தட்டற கம்பி. கிட்டத்துப் படத்துக்கான பெல்லோஸுக்குன்னு வித்த பழைய சாமான். ஒரு முனையைத் திருகி முன்னப்பின்ன பண்ணலாம். மெதுவா அமுக்கினா ஒரு கேமரா முந்திக்கும், வெடுக்குன்னு அமுக்கணும்.

காதை நம்பாதீங்க. ஒரே 'டக்'னு கேட்டாலும் உள்ளே வித்தியாசம் இருக்கும். நான் பார்க்கற வழி இது: ஃபிலிம் போடாம, லென்ஸுக்கு எதிர்ல ஃப்ளாஷை வெச்சு, அதோட வயரை இடது கேமராவுல மட்டும் செருகறது. ஷட்டர் வேகம் 1/60 செகண்ட். வலது கேமராவோட பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடற இடத்துல ட்ரேசிங் பேப்பரைப் பிடிச்சு ரெண்டையும் ஒண்ணா அமுக்குங்க. ஃபிரேம் முழுக்க வெளிச்சம் விழுந்தா பொருந்தியிருக்குன்னு அர்த்தம். 1/60-ல ஷட்டரோட துணித்திரை முழுசாத் திறந்து நிக்கறதே சில மில்லிசெகண்ட்தானுங்களே. ஒரு ஓரம் கறுத்துச்சுன்னா, எந்த ஓரம்னு பார்த்தாலே முந்துதா பிந்துதான்னு தெரிஞ்சிரும்.

உடுமலை:
அந்தச் 'சில மில்லிசெகண்ட்' தென்னை ஓலைக்குப் போதும், ரேக்ளாவுக்குப் பத்தாது. செகண்டுக்கு 10 மீட்டர் ஓடற வண்டி 5 மில்லிசெகண்டுல 5 செ.மீ. நகர்ந்துரும். அது வெறும் மங்கல் இல்லைங்க, ஆழமே மாறிப்போகுது. இடது கேமரா முந்தி, வண்டி வலப்பக்கமா ஓடினா, அது இருக்கற தூரத்தைவிடத் தள்ளித் தெரியும். சக்கரம் மண்ணுக்குள்ள போன மாதிரி இருக்கும். இடப்பக்கமா ஓடினா அந்தரத்துல மிதக்கும். இப்பெல்லாம் காளைகள் நேரா நம்மைப் பார்த்து வர்ற மாதிரி எல்லைக்கோட்டுப் பக்கம்தான் நிக்கறேன். பக்கவாட்டு நகர்வு கம்மி, படமும் மிரட்டலா வருது.

திருப்பூர் பனியன்:
வீட்டுல ரெகார்ட் பிளேயர் இருந்தா அளந்தே பார்த்துடலாம். 33 1/3-ல தட்டு செகண்டுக்கு 200 டிகிரி சுத்தும். தட்டுல ஒரு வெள்ளைக் கோடு ஒட்டி, மேலே இருந்து ரெண்டு கேமராவுலயும் 1/500-ல எடுங்க. நெகட்டிவ்ல கோடு 1 டிகிரி தள்ளியிருந்தா 5 மில்லிசெகண்ட். சீலிங் ஃபேன்ல பார்க்கறவங்க ஒரு இறக்கைக்கு மட்டும் கலர் பேப்பர் ஒட்டுங்க, மூணும் ஒண்ணு போலத்தானே இருக்கும்.

இடைவெளியைக் குறைக்க ரெண்டையும் செங்குத்தா அடியோட அடி ஒட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை: கே1000 மாதிரி பக்கவாட்டுல ஓடற ஷட்டர் திரைன்னா அப்போ ஒண்ணு மேலிருந்து கீழே ஓடும், இன்னொண்ணு கீழிருந்து மேலே. நடுவுல பொருந்தும், ஓரத்துல பொருந்தாது. ஓடற பொருளுக்கு அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கலை.

கோபி:
இத்தனை பாடு எதுக்குங்கறேன். கொடிவேரித் தண்ணியை 1/500-ல எடுத்தீங்கன்னா ஒவ்வொரு துளியும் ரெண்டு கண்ணுலயும் வேற வேற உசரத்துல நின்னு கண்ணைக் கூசும். கால் செகண்ட் வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே பால் வழிசல். பத்துப் பதினைஞ்சு மில்லிசெகண்ட் வித்தியாசத்தை யாரு கண்டா?

பொள்ளாச்சிக்காரன்:
ஏனுங்க கோபி, வெயில்ல கால் செகண்டுக்கு எப்படிப் போனீங்க?

கோபி:
வெயில் ஏறறதுக்கு முந்தியே போயிருவனுங்க. வெளிச்சம் அதிகம் கேக்கற 100 ஃபிலிம், லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப்16, மேலே பளபளப்பைக் குறைக்கற போலரைசர் கண்ணாடி. ரெண்டு கேமரா போலரைசரையும் ஒரே கோணத்துக்குத் திருப்பிப் பெயின்ட்ல குறி வெச்சுக்கோங்க. இல்லைன்னா பாறை மேல ஈரப் பளபளப்பு ஒரு கண்ணுக்கு இருக்கும், இன்னொரு கண்ணுக்கு இருக்காது.