பம்ப் மாற்றிய பிறகு பெற்றோல் முள் குறைத்துக் காட்டுகிறது: யூனிட்டா, எர்த்தா?

கல்லடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121. தாங்கியின் கொள்ளளவு 50 லீற்றர். ஓட்டத்தில் இயந்திரம் அணைந்துபோகும் குறைக்காக, அண்மையில் ஒரு கராஜில் பின் இருக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து, பெற்றோல் பம்பை, பெற்றோலில் மிதந்து அதன் மட்டத்தை முள்ளுக்கு அறிவிக்கும் புளோட் யூனிட்டுடன் சேர்த்து முழுத் தொகுதியாகவே மாற்றினார்கள். அணையும் குறை முற்றாக நீங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து முள் சொல்வதை நம்பமுடியவில்லை. பெற்றோல் செட்டில் நொசில் தானாக நிற்கும்வரை அடித்தாலும் முள் முக்காலைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. முள் காலிக் கோட்டைத் தொட்ட பிறகு நிரப்பினால் 32 லீற்றருக்கு மேல் தாங்கி ஏற்பதில்லை. முன்பு இதே நிலையில் 42 லீற்றர் வரை கொள்ளும்.

கராஜில் கேட்டபோது, புதுப் பொருள் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மகாஓயா, பதியத்தலாவை வழியாக இரவில் கண்டிக்குப் போகவேண்டிய தேவை அடிக்கடி வருவதால், கிலோமீற்றரைக் கணக்கிட்டுக்கொண்டு ஓடும்படி சொல்லும் ஆலோசனை எனக்குப் போதாது. மீண்டும் தொகுதியை வாங்குவதற்கு முன்னர் எதை, எந்த ஒழுங்கில் சோதிக்கவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். பழைய தொகுதியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று வயரிங் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பழகிச் சரியாவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. யூனிட்டில் இருப்பது ஒரு மின்தடைப் பட்டையும், புளோட்டோடு ஏறியிறங்கும் கம்பியின் முனையில் அந்தப் பட்டையைத் தொட்டு நகரும் ஒரு தொடுமுனையும்தான். இந்தத் தலைமுறை டொயோட்டாக்கள் பலவற்றில் தாங்கி நிறைந்திருக்கும்போது தடை சுமார் 4 ஓமும், காலியாகும்போது சுமார் 110 ஓமும் இருக்கும். பின்னால் வந்த மாதிரிகளில் காலி நிலைத் தடை 400 ஓமையும் தாண்டும். ஆகவே உருவத்தில் ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் ஒரு யூனிட், முள் இருக்கும் உங்கள் மீற்றருக்குப் பொருந்திவிடாது.

நீங்கள் தந்த இரண்டு எண்களே பாதி விடையைச் சொல்கின்றன. வண்டியின் உடலோடு இணையும் எர்த் வயரிலோ, யூனிட்டில் வயர் செருகும் சொக்கட்டிலோ துருப்பிடித்து, வயரில் 10 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த பக்கத்தில் 4 என்பது 14 ஆகும்போது முள் நன்றாகவே விழும். காலிப் பக்கத்தில் 110 என்பது 120 ஆவதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். அதாவது எர்த் குறை மேல்முனையைத்தான் கெடுக்கும். உங்கள் வண்டியிலோ மேலேயும் கீழேயும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு லீற்றர் ஒரே அளவில் பிழைக்கிறது. 50 லீற்றர் தாங்கி முன்பு ஏற்றது 42 லீற்றர் என்றால், காலிக் கோட்டுக்குக் கீழே கம்பனி வேண்டுமென்றே விட்டுவைக்கும் சேமிப்பு 8 லீற்றர். அது இப்போது 18 ஆகியிருக்கிறது. இப்படிச் சமமாகப் பிழைப்பது புளோட் கம்பியின் வளைவு வேறாக இருப்பதற்கோ, யூனிட் தாங்கிக்குள் உரிய உயரத்தில் உட்காராததற்கோ உரிய குணம்.

இருந்தாலும் எர்த்தை ஒதுக்கிவிடாதீர்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் நிற்கும் வண்டி அது. சில வண்டிகளில் பம்புக்கும் யூனிட்டுக்கும் ஒரே எர்த் வயர் போகும். அந்த இணைப்புப் பழுதானால், இயந்திரம் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பியபோது ஒரு நிலையிலும் பம்ப் ஓடும்போது வேறு நிலையிலும் முள் நிற்கும். இதைப் பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை.

அடுத்து மீற்றரைச் சோதியுங்கள். தாங்கியின் மூடியைத் திறக்காமல், சொக்கட்டை மட்டும் கழற்றி, வயர் பக்கத்தில் யூனிட்டுக்குரிய இரண்டு முனைகளுக்கும் இடையே 33 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைச் செருகிச் சாவியைத் திருப்பினால் முள் அரைக்குக் கிட்ட வந்து நிற்கவேண்டும். முள் மெதுவாகத்தான் ஏறும், பொறுத்திருந்து பாருங்கள். நின்றால் மீற்றரும் வயரும் சுத்தம். குறை தாங்கிக்குள் இருக்கிறது.

செங்கலடி டிரைவர் எழுதியது:

இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. தொகுதியை வெளியே எடுத்து, கம்பியைச் சற்று வளைத்து, புளோட் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும்படி செய்தால் முள் ஏறிவிடும். பழைய லொறிகளில் நாங்கள் செய்துவந்த வேலை இதுதான். அவை ஓடாமல் நின்றதும் இல்லை.

அக்கரைப்பற்று வயரிங் எழுதியது:

அண்ணன் சொல்வது நடக்கக்கூடிய வேலைதான், ஆனால் எந்த அளவுக்கு வளைப்பது என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும். கண்மதிப்பில் வளைத்து நிறைந்த பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, காலிப் பக்கத்தில் முள் இன்னும் கால் பங்கு இருப்பதாகக் காட்டுகையில் வண்டி நின்றுவிட்டால், அது இப்போதிருக்கும் குறையைவிட மோசமானது. குறைத்துக் காட்டும் முள் ஆளைச் செட்டுக்குத்தான் அனுப்பும், கூட்டிக் காட்டும் முள் காட்டில் விடும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைகளில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நல்லவேளையாக அவரிடம் பழைய தொகுதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

திறக்கும்போது தாங்கியில் கால் பங்குக்குக் குறைவாகவே பெற்றோல் இருக்கட்டும். முதலில் பம்பின் பியூஸைக் கழற்றி, இயந்திரம் தானாக அணையும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் இறங்கும். பிறகு பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். வேலையை மூடிய கராஜுக்குள் செய்யாமல் காற்றோட்டமான வெளியில் செய்வது நல்லது. பல்பு கட்டிய வயரைக் கொண்டு அங்கே ஒன்றையும் சோதிக்கவேண்டாம்.

கல்லடி வாசி எழுதியது:

சொன்னபடியே செய்து பார்த்தேன். பம்ப் ஓடும்போதும் ஓடாதபோதும் முள்ளில் வேறுபாடில்லை. 33 ஓம் தடையைச் செருகியதும் முள் அரைக் கோட்டில் வந்து நின்றது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துத் தொகுதியை வெளியே எடுத்தோம்.

புதிய யூனிட்டை மல்டிமீற்றரில் அளந்தால், கம்பியை மேல் எல்லைக்குத் தூக்கும்போது 4 ஓமும் கீழே விடும்போது 111 ஓமும் காட்டுகிறது, பட்டையில் பழுதில்லை. ஆனால் பழையதை அருகில் பிடித்தபோது கம்பியின் வளைவு வேறாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒரே மட்டத்தில் பிடித்தால் புதியதன் புளோட் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் உயர்ந்து நிற்கிறது. வேறொரு மாதிரிக்குரிய தொகுதியைத் தந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பழைய யூனிட்டின் பட்டையும் 4 முதல் 110 வரை இடையில் துள்ளாமல் சீராக ஏறியிறங்குகிறது. அதைப் புதிய தொகுதிக்கு மாற்றுவதா, அல்லது புதியதன் கம்பியைப் பழையதைப் பார்த்து வளைப்பதா?

அக்கரைப்பற்று வயரிங் எழுதியது:

பழையது பொருந்தினால் அதையே மாட்டுங்கள். கழன்று வரும் கிளிப் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் முறியும். பொருந்தாவிட்டால் செங்கலடி அண்ணன் சொன்ன வழி, இம்முறை முன்மாதிரியை அருகில் வைத்துக்கொண்டு. வளைக்கும்போது தொடுமுனையில் பாரம் விழாதபடி கம்பியைக் குறட்டினால் இறுக்கிப் பிடித்தே வளைக்கவேண்டும். பட்டையை அரத்தாளால் தேய்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதைச் செய்யவேண்டாம். அந்த மெல்லிய படலம் போனால் திரும்ப வராது.

செங்கலடி டிரைவர் எழுதியது:

தம்பி, மூடியின் கீழேயுள்ள ரப்பர் வளையத்தையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பெற்றோலில் ஊறிப் பெருத்த வளையம் பழைய பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது, வண்டிக்குள் மணம் வரும். புளோட் தாங்கியின் சுவரில் உரசாத திசையில்தான் தொகுதியை இறக்கவேண்டும். மூடியில் குறி இருந்தால் அதைப் பார்த்து வையுங்கள். பூட்டியவுடன் நிறைய அடித்துவிடாமல் முதலில் அரைத் தாங்கி அடித்து, முள்ளைப் பார்த்து, ஓடிவந்து மூடியைச் சுற்றிக் கையால் தடவி ஈரமில்லை என்று கண்ட பிறகு மீதியை நிரப்புங்கள்.